ஒற்றைக் கூப்பாடு

குற்றாலத்துக்குச் சாரல் அனுபவிக்க வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், மலையைப் பார்க்கமாட்டார்கள். உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போய் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, பசி காதை அடைக்க ஓடிவந்து சுடச்சுட இட்லியைத் தின்றுவிட்டு, "ஆகா, என்ன சுகம்" என்று ரயிலேறிவிடுவார்கள். போகட்டும், நாலு நாள் இருக்க வந்தவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் ஒன்று. ஊரே நனைந்து சொதசொதவென்று கிடக்கிற ஆடி மாதத்தில், அந்த இட்லிக் கொப்பரைக்கு அடியில் எரிந்த காய்ந்த விறகு எங்கேயிருந்து வந்தது என்று அவர்களில் ஒருத்தராவது கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அது மேலேயிருந்து வந்தது. சாரல் பிடித்துவிட்டால் அடிவாரத்துச் சுள்ளியெல்லாம் ஊறிப்போகும்; ஊதி ஊதிக் கண்தான் அவியும். காய்ந்த கட்டை வேண்டுமானால் உயர ஏறி, மழை புகாத பாறை இடுக்கிலும் குகை வாயிலும் தேடவேண்டும். மலை எந்த மாதத்தில் வழுக்குமோ, ஓடை எந்த மாதத்தில் எகிறுமோ, அந்த மாதத்தில்தான் விறகுக்கு மவுசு. ஆகவே ஏறக்கூடாத காலம் பார்த்து ஏறுவதே ஐந்தருவிப் பக்கத்து விறகுக்காரிகளின் பிழைப்பாக இருந்தது. அவர்களில் ஒருத்திதான் முப்பிடாதி.

அவளைப் பற்றிச் சொல்லுமுன் அந்த மலையின் குணத்தையும் சொல்லிவிடவேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு இரண்டு எசமானர்கள். தென்காசிப் பக்கம் வெள்ளைக்காரன். செங்கோட்டைப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. இங்கேயிருந்து புகையிலையை மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினால் ராஜாவின் சேவகன் பிடிப்பான். யானைக்கு மட்டும் கேள்வி கிடையாது. இங்கே மூங்கிலைத் தின்றுவிட்டு அங்கே போய்ச் சாணி போட்டுவரும். அதற்கு முன்னால் பாளையக்காரர்கள் ஆண்டார்கள். பிறகு கம்பெனிக்காரன் வந்து கிராம்பும் சாதிக்காயும் நட்டுப் பார்த்தான். அப்புறம் பாரஸ்டு இலாகா என்று ஒன்று வந்தது. நேற்றுவரை நம் காடாக இருந்ததில் கீழே விழுந்த குச்சியைப் பொறுக்கக்கூட 'பாஸ் எங்கே' என்றது. வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கொரு சட்டம் போட்டான். அத்தனை சட்டத்துக்கும் தண்ணி காட்டத் தெரிந்த அந்தச் சனங்கள் ஒரே ஒரு சட்டத்துக்கு மட்டும் நடுங்கினார்கள். அது மலை போட்ட சட்டம்.

மலையில் யாராவது உன் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் 'ஏன்' என்று பதில் குரல் கொடுக்கக்கூடாது. இரண்டாம் தடவைக்கும் கூடாது. மூன்றாவது கூப்பாடு வந்தால்தான் வாயைத் திறக்கலாம். காட்டுத் தெய்வமான வனப்பேச்சிக்குப் பெற்ற தாயின் குரலும் வரும், கட்டின புருசன் குரலும் வரும். ஆனால் மூன்றாம் தடவை கூப்பிட அவளுக்கு வரம் கிடையாது. ஒற்றைக் கூப்பாட்டுக்கு 'ஏன்' என்று கேட்டுவிட்டால், மேகத்துக்குள்ளேயே நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விட்டுவிடுவாள். சிரிக்காதீர்கள். மேகம் இறங்கிய மலையில், ஓடை இரைச்சலுக்கு நடுவே தனியாக நின்று பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். அதனால் அந்தச் சனங்கள் கூப்பிடுவதே மூன்றாகத்தான் கூப்பிடுவார்கள். "முப்பிடாதி, முப்பிடாதி, ஏட்டி முப்பிடாதி!" மூச்சு விடாமல் மூன்று. வீட்டில் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

முப்பிடாதிக்கு முறைமாப்பிள்ளை ஒருத்தன் இருந்தான். பேர் சிவனணைந்தபெருமாள். அத்தை மகன். தென்காசிப் பண்ணையார் ஒருவரின் சாதிக்காய்த் தோட்டத்தில் காவல்காரன். மீசையும் கம்புமாக ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். 'அவனுக்கு இவ, இவளுக்கு அவன்' என்று சின்ன வயதிலேயே ஊர் பேசி முடித்துவிட்டது. அவன் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்குப் போனான். போன இடத்தில் கரிசல்காட்டுப் பெண் ஒருத்தி எதற்கோ கெக்கெக்கென்று சிரித்தாளாம். அவ்வளவுதான், பெண் கேட்டுப் போய்விட்டான். அவள்தான் குருவம்மாள். முப்பிடாதியின் அப்பா அரிவாளைத் தூக்கிக்கொண்டு குதித்தார். முப்பிடாதி, "எனக்கென்ன, எங்கிட்டும் போட்டும்" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டாள். அழுதாளா என்று கேட்டால், மழையில் நனைந்து வந்தவள் முகத்தில் எது மழை, எது கண்ணீர் என்று யார் பார்த்தார்கள்.

குருவம்மாள் நல்லவள். அதுதான் வம்பு. சண்டைக்காரியாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அவளோ வந்த ஆறாம் மாதமே முப்பிடாதியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். "இது என்ன ஊரு புள்ள, வானம் எந்நேரமும் மூக்கச் சிந்திக்கிட்டே இருக்கு" என்பாள். 'ஏ புள்ள' என்று கூப்பிடுவது அந்த அடிவாரத்திலேயே அவள் ஒருத்திதான், மற்றவர்களெல்லாம் 'ஏட்டி'. மலைச் சட்டத்தை விறகுக்காரிகள் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். "மூணு வாட்டி கூப்பிட எவளுக்கு மூச்சு இருக்கு?" என்று அதற்கும் சிரித்தாள். மாமியாரிடம் மட்டும் அவளுக்கு ஒத்துப்போகவில்லை. அண்ணன் மகள் இருக்கும்போது இடையில் வந்த அசலூர்க்காரிதானே என்று மாமியாருக்கு ஆங்காரம். முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்ததும் ஆங்காரத்துக்கு வால் முளைத்தது.

பெண்ணுக்கு வள்ளித்தாய் என்று பேர் வைத்தார்கள். அது தவழக்கூட ஆரம்பிக்காத ஆடி மாதம், மாமியாருக்கும் மருமகளுக்கும் வாய்ச்சண்டை முற்றி, "நான் ஆத்துல கொளத்துல விழுந்து செத்தாத்தான் ஒங்களுக்குக் குளிரும்" என்று குருவம்மாள் தெருக் கேட்கக் கத்திவிட்டாள். கோபத்தில் எந்தப் பொம்பளைதான் அதைச் சொல்லாமல் இருக்கிறாள்? மறுநாள் காலையில் சண்டையும் மறந்து, பிள்ளையை அதே மாமியார் கையில் கொடுத்துவிட்டு விறகுக்குக் கிளம்பினாள்.

விறகுக்காரிகள் இரண்டிரண்டு பேராகத்தான் பிரிவார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நிற்பார்கள். சோடி பிரித்துவிடுவது சங்கரம்மாள். அவர்களில் மூத்தவள், மலைக்கு அவளே ரேஞ்சர். "ஏட்டி முப்பிடாதி, நீ குருவுகூடப் போ. அவளுக்குப் பாறை தெரியாது. ஒரு கண்ணு அவமேல இருக்கட்டும்" என்றாள்.

ஏறுகிற வழியெல்லாம் குருவம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டே, "பால் கட்டுது புள்ள. சட்டுனு கட்டிக்கிட்டு எறங்கிருவோம். எம்மக அழுவா" என்றாள். மார்ச்சேலை நனைந்திருந்தது. முப்பிடாதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வீடும் அந்தப் புருசனும் அந்தப் பாலும் தனக்கென்று பேசி வைத்தவை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் உண்மை, சீ என்று தள்ளிவிட்டதும் உண்மை.

மேலே போனதும் பிரிந்தார்கள். குருவம்மாள் ஓடைப் பக்கம். முப்பிடாதி கொஞ்சம் மேலே ஒரு பாறைக் கூரைக்கு அடியில். நல்ல காய்ந்த கட்டைகள் அங்கே கிடந்தன. அவள் அடுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது மேகம் இறங்கிவிட்டது. நீட்டின கை தெரியவில்லை. மேலே எங்கேயோ பெருமழை கொட்டியிருக்கவேண்டும், ஓடையின் சத்தம் மாறியது.

அப்போதுதான் கூப்பாடு வந்தது.

"ஏ புள்ள முப்பிடாதீ!"

'ஏன்' என்கிற சொல் தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்துவிட்டது. முப்பிடாதி அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். இரண்டாவது வரட்டும் என்று காத்திருந்தாள். ஓடை இரைந்தது. மூன்றாவது வரட்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அவளுக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. குருவம்மாள் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளே வனப்பேச்சி, அடி பாதகத்தி, என்று எச்சிலைத் துப்பி, வெட்டரிவாளைத் தரையில் குத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. விறகுக்கட்டை முழங்காலால் அமுக்கி, கயிற்றை இழுத்து இறுக்கி, முடிச்சுப் போட்டு முடித்தாள். தப்பித்தோம் என்று ஒரு திருப்தி வேறு.

மேகம் கொஞ்சம் விலகினதும் அவளே கூப்பிட்டாள். "யக்கா, யக்கா, ஏ குருவக்கா!" முறைப்படி மூன்று. பதில் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தாள். குருவம்மாளின் விறகுக்கட்டு பாறைமேல் சாய்ந்து கிடந்தது. பாறை விளிம்பில் புல் கொத்துக் கொத்தாக வேரோடு பிடுங்கிக் கிடந்தது. புது மண் தெரிந்தது. கீழே செம்மண் வெள்ளம் சுழித்துக்கொண்டு போனது. வழுக்கி விழுந்தவள் உடனே போய்விடவில்லை. புல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். தொங்கிக்கொண்டே இருந்த ஒரு மூச்சில் கூப்பிட்டிருக்கிறாள். அப்புறம் மூச்சைப் பிடிக்கப் பார்த்தாளோ, புல்லைப் பிடிக்கப் பார்த்தாளோ. முப்பிடாதி அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

உடலைக் கீழே தடாகத்தில் எடுத்தார்கள். கூட்டம் கூடினது. சங்கரம்மாள் முப்பிடாதியின் தோளைப் பிடித்து உலுக்கி, "கூப்பிட்டாளாட்டி? ஒனக்குச் சத்தம் எதுவும் கேட்டுச்சா?" என்று கேட்டாள்.

முப்பிடாதி, "இல்லக்கா, ஒண்ணும் கேக்கல" என்றாள்.

இதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். 'ஒத்தக் கூப்பாட்டுக்கு யாருதான் ஏன்னு கேப்பா? அவ மூணு தடவை கூப்பிட்டிருக்கணும்' என்று சங்கரம்மாளே தீர்ப்புச் சொல்லியிருப்பாள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள். பிறகு ஏன் பொய் சொன்னாள்? வெளியே சொல்லிவிட்டால், 'நீ பயந்துதான் இருந்தியா, இல்லை, அவள்தானே, போனால் போகட்டும் என்று இருந்தியா' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தாள். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் நெஞ்சுதான் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. தவறி விழுந்தவள் கத்தாமலா இருப்பாள் என்று ஊர் யோசித்தது. முந்தின நாள் அவள் கத்திய கத்தலையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. "சத்தமே இல்லாமப் போயிருக்கா. தானாத்தான் குதிச்சிருக்கா. பச்சைப்பிள்ளைய விட்டுட்டுப் போக எப்பிடித்தான் மனசு வந்துச்சோ" என்று பேசிக்கொண்டார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியுமா? முப்பிடாதி மூடியிருக்கலாம். அந்தப் புல்லை அவள் ஒருத்திதான் பார்த்தாள். அன்று பெய்த மழையில் அதுவும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

பிள்ளை பாலுக்கு அழுதது. பெரியவர்கள் கூடினார்கள். முறைப்பெண் கழுத்தில் தாலியில்லாமல் இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்றார்கள். எந்தக் கல்யாணத்துக்கு ஒரு காலத்தில் ஏங்கினாளோ அந்தக் கல்யாணம் தூக்குக் கயிறுபோல எதிரே வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஏன் வேண்டாம் என்று கேட்பார்களே. பேசாமல் கழுத்தை நீட்டினாள். இரண்டாந்தாரமாக வருகிறவள் மூத்தாளுக்கென்று தாலியோடு ஒரு தங்கப் பொட்டும் சேர்த்துக் கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். அந்தச் சின்னப் பொட்டு நெஞ்சுக்குழியில் உரசும்போதெல்லாம் அவளுக்குக் கழுத்து கனத்தது.

அதற்கப்புறம் முப்பிடாதி வாழ்ந்த வாழ்க்கையை ஊர் மெச்சி மெச்சிப் பேசியது. வள்ளித்தாய் எங்கேயிருந்து "எம்மா" என்று ஒரு சத்தம் கொடுத்தாலும் போதும், முப்பிடாதி கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். மாவு ஆட்டுகிற கையோடு ஓடுவாள். நடுத்தெருவில் சும்மாடு அவிழ்ந்து விழ விழ ஓடுவாள். பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டது. சும்மா சும்மா கூப்பிட்டுவிட்டு, அவள் மூச்சிரைக்க வந்து நின்றதும் கைகொட்டிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அசல் குருவம்மாள் சிரிப்பு. "ஏட்டி, அடிவாரமெல்லாம் மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பும், நீ மட்டும் என்னட்டி ஒத்தக் கூப்பாட்டுக்கு இந்த ஓட்டம் ஓடுத? பெத்தவகூட இப்பிடி ஓடமாட்டா" என்று சங்கரம்மாள் வியப்பாள். புகழ்ச்சி ஒவ்வொன்றும் அவளுக்குச் சூடு போட்டதுபோல இருந்தது. அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. மூத்தாள் மகளுக்காக வேண்டாம் என்று இருந்துவிட்டாள் என்று அதையும் ஊர் பெருமையாக்கிக்கொண்டது. அவள் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டாள்.

புருசன் நல்ல மாதிரிதான். குருவம்மாள் பேச்சை எடுக்கமாட்டான். ஒரே ஒரு நாள், கள்ளுக் குடித்த சந்தோசத்தில், "அவ எனக்குக் குடுத்து வைக்கல முப்பிடாதி. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. ஒரு வகையில பாத்தா, அதுவும் நல்லதுக்குத்தான்" என்று அவள் கையைப் பிடித்தான். ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம். முப்பிடாதி கையை உருவிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ ஆடி மாதம் நினைத்திருக்கிறாள். சொன்னால் இந்தப் பிள்ளை தன்னை விட்டுப் போய்விடும். அந்த ஒன்றை மட்டும் நினைத்தால் வாய் பூட்டிக்கொள்ளும்.

வள்ளித்தாய் வளர்ந்து, கல்யாண வயசாகி, சண்டைக் காலமும் வந்தது. எங்கேயோ ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான் என்றால் இங்கே ராஜா நாட்டில் சோற்றுப் பானை கவிழ்ந்தது. மலையாளத்துக்கு வந்த பர்மா அரிசி நின்றுபோய், செங்கோட்டைக்கு மேற்கே சனங்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று நாளைக் கழித்தார்கள். விறகு சுமந்த தலைகள் இப்போது ராத்தல் ராத்தலாக அரிசியைச் சுமந்து மலைவழியே எல்லை கடத்தின. பாரஸ்டுக்காரனும் சாப்பிடவேண்டியவன்தானே, அவனும் கண்ணை மூடிக்கொண்டான். வள்ளித்தாய்க்குப் பார்த்த மாப்பிள்ளை புளியறையில் மரம் இருப்பு வைக்கிற கிட்டங்கி ஒன்றில் வேலை. புளியறை அப்போது ராஜா சீமை. மாப்பிள்ளை வீட்டார் நகை நட்டு என்று வாயைத் திறக்கவில்லை. "பந்தியில நெல்லுச் சோறு போட்டாப் போதும் அண்ணாச்சி" என்று சிவனணைந்தபெருமாளிடம் கேட்டார்களாம். நாடு அந்தக் கதிக்கு வந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உச்சிப்பொழுதில் மூத்தாளுக்குப் படையல் வைப்பது வழக்கம். செத்துப்போன தாய்க்குச் சேலை எடுத்துவைத்து, இலை போட்டு, விளக்கேற்றி, பெண் விழுந்து கும்பிடவேண்டும். முப்பிடாதி பார்த்துப் பார்த்து எடுத்த அரக்குச் சேலை இலைக்கு முன்னால் மடித்து இருந்தது. சாம்பிராணி போட்டாயிற்று. "ஏட்டி வள்ளி, ஒங்கம்மாவ நெனச்சு விழு" என்றாள் சங்கரம்மாள்.

வள்ளித்தாய் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"நான் விழமாட்டேன்."

"கல்யாண வீட்டுல என்ன பேச்சுட்டி பேசுத?"

"பால்குடி மாறாத பிள்ளையப் போட்டுட்டு ஆத்துல குதிச்சவ காலுல நான் எதுக்கு விழணும் பெரியம்மா? போறவ என் பேரச் சொல்லி ஒரு சத்தம் போட்டாளா? எனக்கு அம்மா இங்கன உசிரோட நிக்கா. இவ காலுல விழுதேன்." சொன்னவள் சட்டென்று குனிந்து முப்பிடாதியின் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டாள்.

கூடி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வளர்த்த புண்ணியத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். முப்பிடாதிக்கோ அடுப்புக்குள் காலை வைத்தமாதிரி இருந்தது. செத்தவளின் புருசனை எடுத்துக்கொண்டாள், வீட்டை எடுத்துக்கொண்டாள், பிள்ளையை எடுத்துக்கொண்டாள். இப்போது பிள்ளை போடுகிற கும்பிட்டையும் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே சேலை மடித்தபடியே கிடக்கிறது. கால்களை உதறி விடுவித்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வாய்க்கால் கரைக்கு ஓடினாள்.

வள்ளித்தாய் பின்னாலேயே வந்தாள். "எம்மா, என்னம்மா? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

எதிரே மலை முழுக்கத் தெரிந்தது. அன்றைக்கு மேகம் இல்லை. முப்பிடாதி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்கம்மா குதிக்கல, வள்ளி."

"அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கூப்பிட்டா."

"யார?"

"என்னயத்தான். நான்தான் அவளுக்குச் சோடி. ஒருக்கா கூப்பிட்டா. நான் ஏன்னு கேக்கல. கூப்பிடவே இல்லன்னு ஊருல பொய் சொல்லிட்டேன்."

வளர்த்தவளை எப்படியாவது கரையேற்றிவிடவேண்டும் என்று நினைத்தவள் போல வள்ளித்தாய், "மலையில ஒத்தக் கூப்பாட்டுக்கு யாரும்தான் கேக்கமாட்டாவ. நீயா சட்டம் போட்ட?" என்றாள்.

"நானும் இத்தன வருசமா அதத்தான் சொல்லிப் பாக்கேன். நெஞ்சு ஒத்துக்க மாட்டங்கு." முப்பிடாதி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "புல்லு பிடுங்கிக் கெடந்துச்சு வள்ளி. தொங்கிக்கிட்டு இருந்திருக்கா. நான் மேல இருந்து வெறகுக்கட்ட இறுக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். பயந்துதான் இருந்தேனா, வேற நெனப்பும் கூட இருந்துச்சான்னு எனக்கே தெரியல. ஒங்கப்பனை எனக்குத்தான் பேசி வச்சிருந்தாவ. அது ஒனக்குத் தெரியும்லா? அன்னைக்கிக் காலைலகூட ஒனக்குப் பால் குடுக்கணும், வெரசாப் போவோம்னுதான் சொன்னா. ஒன்னைய விட்டுட்டுப் போகணும்னு அவ நெனைக்கவே இல்லட்டி."

சொல்லி முடித்தாயிற்று. அடிக்கட்டும், காறித் துப்பட்டும், உள்ளே போய் ஊரைக் கூட்டட்டும் என்று முப்பிடாதி நின்றாள். கல்யாண வீட்டுக்குள் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

வள்ளித்தாய்க்கு வந்தது கோபமா, அழுகையா, அவளுக்கே பிரித்துத் தெரிந்திருக்காது.

"எப்பிடிக் கூப்பிட்டா?"

"என்னது?"

"எங்கம்மா கொரல நான் கேட்டதே இல்ல. ஒனக்குத்தான தெரியும். எப்பிடிக் கூப்பிட்டா? அதே மாதிரி கூப்பிட்டுக் காட்டு."

"வேண்டாம் வள்ளி. என்னால ஏலாது."

"கூப்பிடு."

அந்தக் குரல் முப்பிடாதியின் காதிலிருந்து ஒரு நாளும் இறங்கினதில்லை. எந்த எழுத்தில் ஏறி, எந்த எழுத்தில் இழுத்து, எங்கே மூச்சு அறுந்தது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். தன் பேரைத் தானே கூப்பிட வாயைத் திறந்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கரிசல்காட்டு இழுவையோடு கூப்பிட்டாள்.

"ஏ புள்ள முப்பிடாதீ!"

வீட்டுக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. எதிர்ப் பாறையில் மோதி, கடைசி எழுத்து மட்டும் திரும்பி வந்தது.

"ஏம்மா?" என்று கேட்டாள் வள்ளித்தாய், மலையைப் பார்த்து.

கொஞ்சநேரம் பதிலுக்கு நிற்கிறவள் போல நின்றாள். பிறகு முப்பிடாதி பக்கம் திரும்பாமலே உள்ளே போய், குருவம்மாளின் சேலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.